வாங்கிக்கொண்டு விழுங்கிவிடும் மெயில் சர்வர்கள்: ஸ்பேமைத் தடுப்பதில் சேவை நிறுவனங்கள் எதுவரை போகலாம்?

#1 வெண்சங்கு

ஒரு சிறிய சங்கத்தின் மெயில் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கூட்ட அறிவிப்பு, சந்தா ரசீது, நடவடிக்கைக் குறிப்பு, இவைதான் போகும். விளம்பரம் ஒரு வரிகூடக் கிடையாது. சொந்த டொமைன், வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (பெரிய கணினியில் ஒரு பங்கு), ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி எண்ணைக் கொடுத்தால் பெயர் சொல்லும் பதிவு) ஒழுங்காக இருக்கிறது. எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் எந்த ஐபி அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (டொமைன் போடும் மின்கையெழுத்து), டிமார்க் (இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற கொள்கை) மூன்றும் பாஸ்.

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய இணையச் சேவை நிறுவனத்தின் முகவரி வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு மட்டும் கடிதம் போய்ச் சேர்வதில்லை. திரும்பி வந்தாலாவது வேறு வழி பார்க்கலாம். அதுவும் இல்லை. அவர்களுடைய சர்வர் சொன்ன பதில் என் லாகில் அப்படியே இருக்கிறது: "250 ஓகே, வரிசையில் சேர்க்கப்பட்டது", பக்கத்திலேயே ஒரு வரிசை எண். அதாவது வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் இன்பாக்ஸில் இல்லை, ஸ்பேம் ஃபோல்டரில் இல்லை, எங்கேயும் இல்லை. கூட்டத்துக்கு வராதவர்களைக் கேட்டால் "அறிவிப்பே வரவில்லையே" என்கிறார்கள். கமிட்டி என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

ஸ்பேமைத் தடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நல்ல கடிதத்தை விழுங்காமல் தடுக்க முடியுமா, அதற்கு நிறுவனங்கள் என்ன செய்ய வேண்டும்? இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.


#2 நீலப்புறா

நான் சர்வர் எல்லாம் வைத்திருப்பவள் இல்லை, சாதாரண ஆள். என்னைக் கேட்டால் நன்றாகத் தடுக்கட்டும் என்றுதான் சொல்வேன். என் அப்பாவுக்கு "உங்கள் கணக்கு இன்று இரவு முடக்கப்படும், உடனே கிளிக் செய்யவும்" என்று வரும் மெயிலையும் வங்கியிலிருந்து உண்மையாக வரும் மெயிலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வங்கியின் லோகோகூட அச்சு அசலாக இருக்கிறது. உங்கள் கூட்ட அறிவிப்பு தொலைந்தால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம். அவர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் யாருக்குப் போன் போடுவது?


#3 கம்பிவடம்

நான் ஒரு சேவை நிறுவனத்தின் மெயில் குழுவில் இருக்கிறேன் (வெண்சங்கு சொல்லும் நிறுவனம் அல்ல என்று நினைக்கிறேன்). எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

ஒரு மெயில் உள்ளே வருவதற்குள் பல கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் இணைப்பு. யார் போர்ட் 25ல் (சர்வர்கள் மெயில் கொடுக்கும் வாசல்) வந்து நிற்கிறார்கள் என்று ஐபியை மட்டும் வைத்துப் பார்க்கிறோம். அந்த ஐபியைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டு, ஸ்பாம்ஹவுஸ் போன்ற ஒரு தடைப்பட்டியலின் பெயரைப் பின்னால் ஒட்டி டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் பெயர்-முகவரிப் புத்தகம்) கேட்டால், பட்டியலில் இருந்தால் 127.0.0.2 என்பதுபோல ஒரு பதில் வரும். இல்லையென்றால் "அப்படி ஒன்று இல்லை" என்று வரும். ஒரு டிஎன்எஸ் கேள்வியோடு வேலை முடிந்தது. வந்து குவிவதில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே கழிந்துவிடுகிறது. வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள், ஹேக் ஆன ரவுட்டர்கள், நேற்று வாங்கி நாளை தூக்கியெறியப்போகும் சர்வர்கள், எல்லாம் இதில் அடக்கம்.

அடுத்தது உறை. ஹெலோ பெயர் (இணைந்ததும் சர்வர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்), அனுப்புநர் டொமைன், எஸ்பிஎஃப். பெறுநர் உண்மையிலேயே இருக்கிறாரா என்பதும் இங்கேதான். இல்லாத முகவரிகளாகப் பார்த்து ஒருவர் அனுப்பிக்கொண்டே இருந்தால், எங்கிருந்தோ வாங்கிய பழைய பட்டியல் என்று புரிந்துவிடும். கடைசியில்தான் உள்ளடக்கம்: டிகிம் கையெழுத்து, லிங்குகள், இணைப்புக் கோப்புகள், பேயீசியன் கணக்கு (சொற்களை வைத்து ஸ்பேமா என்று பார்க்கும் நிகழ்தகவுக் கணக்கு), மற்றவை. சிபியு எரிவது இங்கேதான். எல்லா மெயிலையும் இதுவரை வர விட்டால் எந்த நிறுவனத்தின் சர்வரும் தாங்காது.

ஆகவே "தடுக்காதே" என்பது எங்களுக்கு ஒரு வழியே இல்லை. தவறு நடக்கும், குறைக்கப் பார்க்கிறோம்.


#4 வெண்சங்கு

கம்பிவடம், நன்றி. ஆனால் நான் கேட்டது வேறு. நீங்கள் சொன்ன எந்தக் கட்டத்திலும் என்னை நிறுத்தவில்லை. 250 சொல்லி வாங்கிக்கொண்டு அப்புறம் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இதற்கு என்ன சமாதானம்?


#5 அரைத்தூக்கம்

சமாதானம் கிடையாது. இந்த இழையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான். மற்றதெல்லாம் அளவுகோலை எங்கே வைப்பது என்ற விவகாரம்.

250 என்பது "பார்த்தேன்" என்ற தலையாட்டல் இல்லை. "இந்தக் கடிதம் இனி என் பொறுப்பு" என்பதுதான் அதற்குப் பொருள். 1982ல் ஜான் போஸ்டல் எழுதிய மெயில் தரநிலையான ஆர்எஃப்சி 821லிருந்து 2008ல் வந்த 5321 வரை இந்த அடிப்படை மாறவே இல்லை. வாங்கிக்கொண்டால் ஒன்று சேர்ப்பிக்க வேண்டும், இல்லையென்றால் சேரவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் தூக்கிப் போடுவதற்கு 5321 ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருப்பது உண்மைதான். ஆனால் மோசடி என்பதில் மிக உறுதியாக இருந்தால் மட்டும் என்றுதான் அங்கே இருக்கிறது. ஒரு சங்கத்தின் கூட்ட அறிவிப்பில் அப்படி என்ன உறுதி வந்துவிட்டது?

இந்த ஜன்னல் எதற்காக வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் எல்லோரும் முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு சோதித்து, ஸ்பேம் என்றால் "உங்கள் கடிதம் சேரவில்லை" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்பேமர் போட்டிருந்த அனுப்புநர் முகவரியோ பொய். யாரோ ஒரு அப்பாவியின் முகவரி. அவருக்கு ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் திரும்பிய கடிதங்கள் வந்து விழும். அதை பேக்ஸ்கேட்டர் என்பார்கள். அது பெரிய தொல்லையானதும், திருப்பி அனுப்புவதை விட்டுவிட்டு நேராகக் குப்பையில் போட ஆரம்பித்தார்கள் பலர். ஒரு நோயை விரட்டி இன்னொன்றை உள்ளே விட்ட கதை.

சரியான வழி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது: இணைப்பு திறந்திருக்கும்போதே முடிவெடுங்கள். கடிதத்தின் உடல் முழுவதும் வந்த பிறகு, கடைசிப் புள்ளிக்குப் பதில் சொல்வதற்கு முன், சோதித்துவிட்டு வேண்டாம் என்றால் 550 (மறுப்பு) சொல்லுங்கள். காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். எதிர்ப்பக்கம் இருப்பது ஒழுங்கான சர்வர் என்றால் அது தன் ஆளுக்குத் தானே தகவல் சொல்லும். பாட்நெட் (ஸ்பேமர் பிடித்து வைத்திருக்கும் அடுத்தவர்களின் கம்ப்யூட்டர்கள்) என்றால் காதில் வாங்காமல் போய்விடும். அப்பாவி யாருக்கும் எதுவும் போகாது. நல்ல கடிதம் தவறுதலாக மாட்டினாலும் எழுதியவருக்கு உடனே தெரிந்துவிடும், போன் எடுப்பார்.

நீலப்புறா, உங்கள் யோசனைக்கும் இதுதான் பதில். போன் போட்டுச் சொல்லலாம், சரி. கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தால்தானே போன் போடுவார்?


#6 கம்பிவடம்

ஏட்டில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் மூன்று முட்டுக்கட்டைகள்.

ஒன்று, நேரம். உள்ளடக்கச் சோதனை முடியும்வரை எதிர்ப்பக்கம் காத்திருக்க வேண்டும். கடைசிப் புள்ளிக்குப் பிறகு பத்து நிமிஷம் வரை காத்திருக்கச் சொல்கிறது தரநிலை. ஆனால் நெரிசல் நேரத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்தபடி வைத்திருப்பது சும்மா இல்லை.

இரண்டு, காரணத்தை எழுதி அனுப்பினால் ஸ்பேமருக்கு அது இலவசப் பயிற்சி. "இந்த லிங்குக்காகத் தடுத்தோம்" என்றால் அடுத்த அரைமணியில் லிங்கை மாற்றிவிடுவான்.

மூன்றாவதை வெளியில் இருப்பவர்கள் யோசிப்பதே இல்லை. ஒரே கடிதம் எங்களிடம் இருக்கும் இருபது பேருக்கு வருகிறது என்று வையுங்கள். பெறுநர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல எஸ்எம்டிபியில் (சர்வர்கள் மெயில் கொடுத்து வாங்கும் முறை) இடம் உண்டு. கடிதத்தின் உடலுக்கோ ஒரே ஒரு பதில்தான். அந்த இருபது பேரில் பாதிப்பேர் "கடுமையாகத் தடு" என்றும் மீதிப்பேர் "எல்லாவற்றையும் விடு" என்றும் வைத்திருந்தால் நான் 250 சொல்வதா, 550 சொல்வதா? வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஏற்றபடி பிரிப்பதைத் தவிர வேறு வழி?


#7 அரைத்தூக்கம்

மூன்றாவது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். வழி இருக்கிறது, கொஞ்சம் அசிங்கமான வழி. முதல் பெறுநரின் விருப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே விருப்பம் உள்ளவர்களை அந்த இணைப்பிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு விருப்பம் உள்ளவர் வந்தால் அவருக்கு மட்டும் 452 சொல்லி "அடுத்த தடவை" என்று தள்ளிவிடுங்கள். ஒழுங்கான சர்வர் கொஞ்ச நேரம் கழித்து மீதிப்பேருக்குத் திரும்ப அனுப்பும். கடிதம் சிலருக்குச் சற்றுத் தாமதமாகும், தொலையாது. அது முடியாதென்றால் இன்னும் எளிது: வாங்கிய கடிதத்தை ஸ்பேம் ஃபோல்டரிலாவது வையுங்கள்.

இரண்டாவது வெறும் சாக்கு. பெரிய ஸ்பேமர் உங்களிடமே பத்து கணக்கு திறந்து, எது இன்பாக்ஸுக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். உங்கள் 550ஐ நம்பி அவன் பிழைப்பு நடக்கவில்லை. காரணத்தை விவரமாகச் சொல்ல வேண்டாம், போங்கள். "கொள்கையின்படி மறுக்கப்பட்டது, விசாரிக்க இந்த எண்ணைக் குறிப்பிடவும்" என்று ஓர் அடையாள எண் கொடுத்தால் போதும்.

முதலாவதற்கு வன்பொருள் வாங்குங்கள். :)


#8 முள்முருங்கை

என்ன எல்லோரும் அளவுகோலைப் பற்றியே பேசுகிறீர்கள்? எனக்கு வரும் கடிதத்தை நீங்கள் ஏன் படித்துப் பார்த்துத் தீர்மானிக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. தபால்காரர் வாசலில் நின்று உறையைப் பிரித்து "இது உனக்கு வேண்டாம்" என்று கிழித்துப் போட்டால் சும்மா இருப்போமா? எல்லாவற்றையும் கொண்டுவந்து போடுங்கள். வடிகட்டியை என் கம்ப்யூட்டரில் நான் வைத்துக்கொள்கிறேன்.

2005 வாக்கில் அமெரிக்காவில் வெரிசான் என்ன செய்தது? ஸ்பேம் வருகிறது என்று ஐரோப்பாவிலிருந்து வந்த மெயிலைப் பெரிய அளவில் அடைத்தது. வாடிக்கையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, சமரசமாக இழப்பீடு கொடுக்கும்வரை போனது. இந்த அதிகாரத்தைக் கொடுத்தால் இங்கேதான் போய் நிற்கும்.


#9 கம்பிவடம்

தபாலுக்கு அனுப்புபவர் ஸ்டாம்ப் ஒட்டுகிறார். மெயிலுக்கு யார் ஒட்டுகிறார்கள்? அனுப்புபவனுக்கு ஒரு கோடி மெயிலுக்கும் ஒரு மெயிலுக்கும் செலவில் பெரிய வித்தியாசமில்லை, வாங்குபவனுக்குத்தான் இடமும் நேரமும் போகிறது. ஸ்டாம்புக்குப் பதிலாக அனுப்பும் கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட வேண்டும் என்று 1997லேயே ஆடம் பேக் ஹேஷ்கேஷ் கொண்டுவந்தார். மெயிலில் அது பரவவில்லை. ஸ்பேமரிடம் இருப்பது அடுத்தவர்களின் கம்ப்யூட்டர், கணக்கை அவர்கள் தலையில் கட்டிவிடுவான்.

எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டால் உங்களுக்குச் சரி. நீலப்புறாவின் அப்பாவுக்கு?


#10 நீலப்புறா

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். வடிகட்டி வைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தானா மெயில்?


#11 எண்ணெழுத்து

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், வசதிக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நிறுவனத்துக்கு நாளுக்கு 20 லட்சம் மெயில் வருகிறது, அதில் 10 லட்சம் நல்லது. வடிகட்டி நல்ல மெயிலில் 0.1 சதவீதத்தைத்தான் தவறாகப் பிடிக்கிறது. விளம்பரத்தில் "99.9 சதவீதத் துல்லியம்" என்று பெருமையாகப் போடுவார்கள். அப்படியும் நாளுக்கு 1,000 நல்ல கடிதங்கள் மாட்டுகின்றன.

இதைவிட முக்கியமானது, அந்த 1,000 யாருடையவை என்பது. பிழை எல்லோர் மீதும் மழைபோலச் சமமாக விழுந்தால் ஆளுக்கு என்றோ ஒரு கடிதம் போகும், பொறுத்துக்கொள்வார்கள். நடப்பது அதுவல்ல. வடிகட்டிக்கு ஒரு சர்வரைப் பிடிக்கவில்லை என்றால் அந்த சர்வரின் எல்லாக் கடிதமும், எல்லா நாளும் மாட்டும். பெரிய நிறுவனத்தின் ஐபிக்கு லட்சக்கணக்கான கடிதங்களின் நற்பெயர் இருக்கிறது. வெண்சங்குவின் சர்வரிலிருந்து மாதத்துக்கு இரண்டு அறிவிப்பு போகிறது. அது நல்ல சர்வரா கெட்ட சர்வரா என்று சொல்ல வடிகட்டியிடம் தரவே இல்லை. தரவு இல்லாதவரைச் சந்தேகப்படு என்பது பழக்கமாகிவிட்டது. ஆகவே மொத்தச் சராசரி 99.9, இவருக்கு மட்டும் பூஜ்யம். அந்தச் சராசரியைக் காட்டி யாராவது "எங்கள் வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது" என்றால், யாருக்கு என்று கேட்க வேண்டும்.

ஸ்பேம் ஃபோல்டரும் முழு மருந்து இல்லை. 500 குப்பைக்கு நடுவில் ஒரே ஒரு நல்ல கடிதம் இருந்தால் யார் உட்கார்ந்து தேடுவார்கள்? அதனால் நிச்சயமான குப்பையை வாசலிலேயே 550 சொல்லி மறுத்துவிட்டு, சந்தேகமானதை மட்டும் ஃபோல்டரில் போட வேண்டும். ஃபோல்டரில் இருபது கடிதம்தான் என்றால் கண் ஓட்டிப் பார்ப்பார்கள்.

2002ல் பால் கிரஹாம் பேயீசியன் வடிகட்டியைப் பற்றி எழுதியபோதே நல்ல கடிதத்தைத் தவறவிடுவதுதான் மோசமான பிழை என்று அழுத்திச் சொன்னார். நல்ல கடிதத்தில் வரும் சொற்களுக்குக் கணக்கில் இரட்டை எடை கொடுத்தார். அது ஒரே ஆளின் பெட்டிக்கான வடிகட்டி என்பதையும் மறந்துவிடக் கூடாது. மருத்துவருக்கு வரும் கடிதத்தில் மருந்துப் பெயர் இருப்பது இயல்பு. எனக்கு வந்தால் சந்தேகம். எல்லோருக்கும் ஒரே வடிகட்டி என்னும்போது அந்த நுணுக்கம் போய்விடுகிறது.


#12 மடல்கட்டு

நான் செய்திமடல் அனுப்பும் தொழிலில் இருப்பவன். கல்லெறிய வேண்டாம், கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறோம்.

எங்கள் தலைவலி வேறு. தானே பதிவு செய்தவர், உறுதிப்படுத்தும் லிங்கையும் தானே அழுத்தியவர், பிறகு சலித்துப்போனால் "விலகு" என்பதை அழுத்தாமல் "ஸ்பேம்" பொத்தானை அழுத்துகிறார். அது பெரிதாக மேலே இருக்கிறது. அந்த அழுத்தல் எங்கள் கணக்கில் புகாராக ஏறுகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதியைக் கடுமையாக்கிவிட்டன. மொத்தமாக அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் வைத்திருக்க வேண்டும், ஒரே அழுத்தலில் விலகும் வசதி வேண்டும், புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. கூகுள் கணக்கில் மொத்தம் என்றால் ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000 கடிதம்.

நான் இதைக் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம் எளிது: விதியை எழுதி வைத்துவிட்டார்கள். எதைச் செய்தால் உள்ளே விடுவார்கள் என்று எனக்குத் தெரிகிறது, புகார் விகிதத்தைப் பார்க்க ஒரு கருவியும் இருக்கிறது. சின்ன சேவை நிறுவனங்கள்தான் கஷ்டம். விதியும் இல்லை, கேட்டால் பதிலும் இல்லை.


#13 முள்முருங்கை

எழுதி வைத்த விதியும் எல்லோருக்கும் நல்லது செய்துவிடவில்லை. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை "மறு" என்று மாற்றியது. நோக்கம் நல்லது, யாஹூ முகவரியைப் போலியாகப் போட்டு வந்த ஸ்பேமை நிறுத்துவது. மறுநாளிலிருந்து உலகம் முழுவதும் மெயில் குழுமங்கள் படுத்துவிட்டன. யாஹூ ஆள் குழுவுக்கு எழுதுகிறார், குழுவின் சர்வர் தலைப்பில் குழுப்பெயரை ஒட்டி, அடியில் இரண்டு வரி சேர்த்து மற்றவர்களுக்கு அனுப்புகிறது. டிகிம் கையெழுத்து உடைகிறது, எஸ்பிஎஃப் பொருந்தவில்லை, டிமார்க் பார்க்கும் சர்வர்கள் மறுக்கின்றன. மறுத்தது யாரை? எழுதிய யாஹூகாரரை அல்ல, வாங்க வேண்டிய மற்ற உறுப்பினரை. பல முறை திரும்பியதால் அந்த அப்பாவி குழுவிலிருந்தே தானாக நீக்கப்பட்டார். இன்றைக்கும் பல குழுமங்களில் அனுப்புநர் பெயரை "இன்னார், குழு வழியாக" என்று மாற்றிப்போடுவது அந்தக் காயத்துக்குப் போட்ட கட்டுத்தான்.


#14 அரைத்தூக்கம்

அதிலும் 550 சொன்னதால்தான் என்ன நடக்கிறது என்று ஒரே நாளில் எல்லோருக்கும் புரிந்தது. சத்தமில்லாமல் விழுங்கியிருந்தால் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்போம். என் பக்கத்துக்குத்தான் உதாரணம் கொடுத்திருக்கிறீர்கள், முள்முருங்கை.

தடைப்பட்டியலைப் பற்றிக் கம்பிவடம் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில்தான் விஷயம் இருக்கிறது. 1997ல் பால் விக்ஸி ஆர்பிஎல் என்ற தடைப்பட்டியலைத் தொடங்கியபோது அது ஒரு கைத்தடி. ஸ்பேமை வெளியே விடும் நிறுவனத்தை வழிக்குக் கொண்டுவருவதற்கு. பட்டியலில் போடுவதற்கு முன் எழுதிக் கேட்பார்கள். பிறகு வந்த பட்டியல்கள் சில வேகம் எடுத்தன. ஸ்பியூஸ் என்று ஒன்று இருந்தது. நடத்துவது யார் என்றே தெரியாது. ஸ்பேமர் இருக்கும் ஐபியில் ஆரம்பித்து, நிறுவனம் அசையவில்லை என்றால் பக்கத்து ஐபிகளுக்கும் விரிந்துகொண்டே போகும். அப்பாவிகள் கத்தினால்தான் நிறுவனம் திருந்தும் என்பது கொள்கை. கத்துபவர்கள் யாரிடம் கத்துவது?

பட்டியல் சாகும்போது இன்னும் மோசம். 2003 ஆகஸ்ட்டில் ஓசிருசாஃப்ட் பட்டியலை மூடினார்கள். அது தாக்குதலில் தவித்து, கேட்ட ஐபி எல்லாவற்றுக்கும் "ஆமாம், பட்டியலில் இருக்கிறது" என்று பதில் சொல்ல ஆரம்பித்தது. அதை நம்பியிருந்த சர்வர்கள் உலகத்தில் வந்த எல்லா மெயிலையும் மறுத்தன.

இப்போதும் அதே வகைக் கோளாறு வேறு உருவத்தில் நடக்கிறது. ஸ்பாம்ஹவுஸை 8.8.8.8 மாதிரி பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று பதில் வரும். "இந்த வழியில் கேட்காதே" என்பதற்கான குறியீடு அது. ஆனால் "எந்தப் பதில் வந்தாலும் பட்டியலில் இருப்பதாக எடுத்துக்கொள்" என்று சர்வரை வைத்திருக்கும் நிர்வாகி அதைப் பார்ப்பதில்லை. எல்லோரும் ஸ்பேமர்! பட்டியல் மேல் பழி, தப்பு கேட்டவர் மேல். ஆகவே என் விதி: ஒரே ஒரு பட்டியலின் சொல்லை வைத்து மறுக்காதே, அல்லது மறுக்கும் அளவுக்கு நம்பும் பட்டியல் என்றால் குறியீட்டைப் படித்துவிட்டு மறு. மற்ற பட்டியல்களை ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டி செய்வதுபோல மதிப்பெண்ணாக மட்டும் சேர்.

(2004ல் டாவோஸில் பில் கேட்ஸ் இன்னும் இரண்டு வருஷத்தில் ஸ்பேம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். சும்மா ஞாபகம் வந்தது.)


#15 வெண்சங்கு

எண்ணெழுத்து சொன்னது அப்படியே என் கதை. ஒரு தகவல்: என் விபிஎஸ் இருக்கும் 256 ஐபி வரிசையைத் தேடிப் பார்த்தேன். என் ஐபி எந்தப் பட்டியலிலும் இல்லை. பக்கத்தில் சில இருக்கின்றன. அவர்கள் யார் என்றே எனக்குத் தெரியாது.

அந்த நிறுவனத்தின் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கும் எழுதினேன். பதில் வந்தது, தானியங்கிப் பதில். ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். படிவத்தில் கட்டாயமான ஒரு பெட்டி: "பெறுநருக்கு வந்த கடிதத்தின் முழு ஹெடரை இங்கே ஒட்டவும்." வந்திருந்தால் நான் ஏன் படிவம் நிரப்புகிறேன்!


#16 நீலப்புறா

இதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் இப்போது எனக்கே பயமாக இருக்கிறது. எனக்கு வர வேண்டியது எது வராமல் போயிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அரைத்தூக்கம் ஐயா சொல்வதைப் பார்த்தால், தெரிந்துகொள்ளவே முடியாது போலிருக்கிறதே.


#17 கம்பிவடம்

முடியும், நிறுவனம் மனது வைத்தால். எங்கள் இடத்தில் செய்திருப்பதைச் சொல்கிறேன். வாடிக்கையாளரின் பக்கத்தில் "உங்களுக்கு வந்து மறுக்கப்பட்டவை" என்று ஒரு பட்டியல். அனுப்புநர், நேரம், காரணம் மட்டும். தலைப்புகூடக் கிடையாது, ஏனென்றால் பெரும்பாலானவற்றை உறையிலேயே நிறுத்திவிடுகிறோம், தலைப்பு எங்களிடம் வந்திருக்காது. பக்கத்தில் "இவரை இனி விடு" என்று ஒரு பொத்தான். மேலிடத்தில் முதலில் வேண்டாம் என்றார்கள், ஹெல்ப்டெஸ்க்குக்கு அழைப்பு குவியும் என்று. அப்படி ஒன்றும் குவியவில்லை.

முள்முருங்கைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளடக்க வடிகட்டியை முழுக்க அணைக்கும் வசதியும் கொடுத்திருக்கிறோம். வேண்டுமென்று கேட்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், ஆனாலும் கொடுப்பதுதான் நியாயம். இணைப்பு நிலைத் தடுப்பை மட்டும் அணைக்க முடியாது. அது எங்கள் சர்வரைக் காப்பாற்றுவதற்கு.

யாரும் பேசாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளரிடமிருந்து வெளியே போகும் ஸ்பேம். உள்ளே வருவதை வடிகட்டக் காசு கொட்டும் நிறுவனங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் வலி அடுத்தவருக்கு. வீட்டு இணைப்புகளிலிருந்து போர்ட் 25 வெளியே போவதை அடைத்துவிட்டு, மெயில் அனுப்புபவர்களை 587 வழியாகப் பாஸ்வேர்டோடு அனுப்பச் செய்தாலே பாட்நெட்டின் பெரும்பகுதி ஊமையாகிவிடும். 587 என்ற வழி 1998லேயே வந்துவிட்டது. அடைத்ததைக் கேட்பவருக்குத் திறந்துவிடவும் வேண்டும், அதுவும் முக்கியம். சொந்த சர்வர் வைத்திருப்பவர் குற்றவாளி இல்லை. 2008 நவம்பரில் மெக்கோலோ என்ற ஒரே ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்ததும் உலக ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்கும் மேல் விழுந்தது. சில மாதங்களில் மறுபடி ஏறிவிட்டது. இருந்தாலும் எந்த வடிகட்டி அந்த வேலையைச் செய்திருக்கிறது?


#18 முள்முருங்கை

அணைக்கும் வசதி கொடுத்திருக்கிறீர்கள் என்றால் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கிரேலிஸ்டிங் (புதிய அனுப்புநரைப் பிறகு வரச் சொல்லித் தற்காலிகமாகத் திருப்புவது) பற்றி என்ன நினைக்கிறீர்கள்? வங்கி ஓடிபி பத்து நிமிஷம் கழித்து வருகிறது, அதற்குள் காலாவதி.


#19 அரைத்தூக்கம்

2003ல் எவன் ஹாரிஸ் அதைக் கொண்டுவந்தபோது பிரமாதமாக வேலை செய்தது. புதியவர் வந்தால் 451 சொல்லி "பிறகு வா", பாட்நெட் திரும்ப வராது. இப்போதும் பிடிக்காமல் இல்லை, ஆனால் எல்லோருக்கும் போடக்கூடாது. ரிவர்ஸ் டிஎன்எஸ் இல்லாதவர், டிகிம் இல்லாதவர், மதிப்பெண் இரண்டுங்கெட்டானாக இருப்பவர், இவர்களுக்கு மட்டும் போடுங்கள். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு முயற்சிக்கும் வேறு ஐபியிலிருந்து வருவார்கள், அவர்களைக் கிரேலிஸ்ட் செய்தால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வெண்சங்கு, படிவத்தில் ஹெடருக்குப் பதிலாக உங்கள் லாகில் இருக்கும் அந்த 250 வரியை வரிசை எண்ணோடு, நேர மண்டலத்தோடு ஒட்டுங்கள். அவர்கள் கொடுத்த எண், அவர்கள் மறுக்க முடியாது. கூடவே பெறுநர் ஒருவரையும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அவர்களுக்கு யாரோ, அவர் காசு கட்டும் வாடிக்கையாளர்.


#20 வெண்சங்கு

செய்தேன். உறுப்பினர் ஒருவர் தன் பக்கத்திலிருந்து கேட்ட பிறகுதான் மனிதர் ஒருவர் எழுதினார். "உங்கள் சர்வரை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டோம்", இவ்வளவுதான் பதில். ஏன் தூக்கிப் போட்டார்கள் என்று திருப்பிக் கேட்டேன், "பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல இயலாது." அறிவிப்பு இப்போது போகிறது. அதே வரிசையில் விபிஎஸ் வைத்திருக்கும் இன்னொருவரைத் தேடிப் பிடித்தேன், அவருடையது இன்னும் போகவில்லை.


#21 கம்பிவடம்

அனுமதிப் பட்டியலில் ஐபியைச் சேர்த்திருப்பார்கள். விபிஎஸ் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. டிகிம் டொமைனை வைத்துச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நிறுவனத்திலேயே ஒரு கணக்குத் திறந்து, உங்கள் சர்வரிலிருந்து தினமும் ஒரு சோதனை மெயில் போகும்படி கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டுவையுங்கள், மறுமுனையில் ஐமேப் (பெட்டியில் இருக்கும் மெயிலைப் படிக்கும் முறை) வழியாக ஒரு ஸ்கிரிப்ட் எடுத்துப் பார்க்கட்டும். ஒரு நாள் வரவில்லை என்றால் உங்களுக்கு எஸ்எம்எஸ் வர வேண்டும். மெயிலில் வரும்படி வைத்துவிடாதீர்கள்.


#22 வெண்சங்கு

டொமைனை வைத்துச் சேர்க்கும் வசதி அவர்களிடம் இல்லையாம். கிரான் போட்டாயிற்று. பக்கத்து விபிஎஸ்காரரையும் இங்கே வரச் சொல்லியிருக்கிறேன், அவருடைய 250 வரியோடு வருவார்.